உப்பைக் கழுவுங்கள், ஆலையைத் திட்டாதீர்கள்

மறுபடியும் ஒரு கேஸ் டர்பைன், மறுபடியும் அதே காட்சி. போரோஸ்கோப்பை, அதாவது இஞ்சினுக்குள் நுழைத்துப் பார்க்கும் மெல்லிய குழாய்க் கேமராவை, உள்ளே செலுத்திப் பார்த்தால், எரிந்த சூடான வாயு தள்ளிச் சுழற்றும் முதல் வரிசை பிளேடுகளில் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருக்கிறது. பூச்சு உரிந்து, உலோகம் அடுக்கடுக்காகப் பெயர்ந்து நிற்கிறது. பக்கத்தில் நின்ற பொறுப்பாளர் சொன்னதும் நான் பலமுறை கேட்டதுதான்: “உக்ரைன் சரக்கு சார், உலோகம் மட்டம்.” இதே கோலத்தில் இருந்த அமெரிக்க இஞ்சின் ஒன்றுக்கும் இதே தீர்ப்பைக் கேட்டிருக்கிறேன். பழியை எங்கோ இருக்கும் ஆலையின் மேல் போட்டுவிட்டால் நம் பதிவேட்டை யாரும் புரட்டிப் பார்க்க மாட்டார்கள் என்ற எண்ணம் எனக்கு உண்மையாகவே ஆத்திரமூட்டுகிறது.

உக்ரைனின் மிக்கோலாயிவ் நகரில் இருக்கும் சோரியா–மாஷ்புரோயெக்ட் ஆலை 1950களிலிருந்து கப்பல் டர்பைன்கள் செய்கிறது. 1962இல் சேவைக்கு வந்த ‘கொம்சோமோலெட்ஸ் உக்ரைனி’ என்ற சோவியத் போர்க்கப்பல் முழுக்க முழுக்க கேஸ் டர்பைனிலேயே ஓடியது. அந்தக் குடும்பத்தில் பிறந்த நம் ஐ.என்.எஸ். ராஜ்புத் 1980இல் கடற்படையில் சேர்ந்து 2021 வரை பணியாற்றியது. தில்லி, கொல்கத்தா, விசாகப்பட்டினம் வகை நாசகாரிக் கப்பல்களும் தல்வார் வகைக் கப்பல்களும் இந்த ஆலையின் டர்பைன்களில்தான் ஓடுகின்றன. இவற்றையும் பிற கப்பல் டர்பைன்களையும் ஓவர்ஹால் செய்வதற்கென்றே விசாகப்பட்டினத்தில் ஐ.என்.எஸ். எக்சிலா என்ற தளம் இயங்குகிறது. மட்டமான உலோகத்தை நம்பி ஒரு கடற்படை இத்தனை ஆண்டுகள் கடலுக்குப் போகாது.

பிளேடைத் தின்றது உப்பு. வெப்பத்தில் பிளேடு எரிந்துவிட்டது என்கிறீர்களே, அந்த வெப்பத்தைத் தாங்குவதற்காகவே வார்க்கப்பட்ட நிக்கல் கலவை அது. காற்றோடு வரும் உப்பிலுள்ள சோடியமும் எரிபொருளிலுள்ள கந்தகமும் சேர்ந்து சோடியம் சல்பேட் உண்டாகிறது. அது 884 டிகிரி செல்சியஸில் உருகிப் பிளேடின் மேல் படலமாகப் படிகிறது. உலோகத்தைக் காக்கும் ஆக்சைடு தோலை அந்தப் படலம் கரைத்துவிடுகிறது. தோல் போன பிறகு எந்த நாட்டுக் கலவையும் நிற்காது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். சுமார் 25 மெகாவாட் தரும் எல்.எம். 2500 என்ற அமெரிக்க மாடல் போன்ற டர்பைன் முழுச் சுமையில் நொடிக்கு ஏறத்தாழ 70 கிலோ காற்றை இழுக்கிறது. மணிக்கு 250 டன். அந்தக் காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு உப்பு கலந்திருந்தால் போதும், மணிக்குக் கால் கிலோ உப்பு உள்ளே போகும். “ஃபில்டர்தான் இருக்கிறதே” என்பவர்கள் அந்த ஃபில்டரின் ஓரச் சீல்களைக் கடைசியாக எப்போது தொட்டுப் பார்த்தார்கள்? ஈரத்தில் ஊறிய ஃபில்டர், தான் பிடித்துவைத்த உப்பைக் கரைத்து உள்ளே அனுப்பும்.

இன்னொரு பிடிவாதமான நம்பிக்கை: குறைந்த சுமையில் ஓட்டினால் டர்பைன் பத்திரம். இல்லவே இல்லை. சோடியம் சல்பேட்டோடு பிளேடிலிருந்து வரும் கோபால்ட், நிக்கல் சல்பேட்டுகள் கலந்தால் உருகுநிலை இறங்கிவிடும். 700 டிகிரியை ஒட்டியே அரிப்பு தொடங்கும். 1970களிலேயே கப்பல் டர்பைன்களில் கண்டறிந்து எழுதிவைத்த விஷயம் இது. மெதுவாகப் போகும் கப்பலுக்கும் பாதிச் சுமையில் ஓடும் கடலோர மின்நிலையத்துக்கும் ஆபத்து குறையவில்லை. வேறு வடிவத்தில் வருகிறது.

டர்பைன் எடுக்கும் ஆற்றலில் பாதிக்கு மேல், இழுத்த காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் கம்ப்ரசரைச் சுழற்றவே செலவாகிறது. கம்ப்ரசர் பிளேடில் அழுக்கும் உப்பும் படிந்தால் திறன் இறங்கும். அதை ஈடுகட்ட எரிபொருளைக் கூட்டுவீர்கள், வெப்பநிலை ஏறும், பிறகு வெப்பத்தைக் குறை சொல்வீர்கள். வேண்டாம், கழுவுங்கள். ஓட்டத்திலேயே தெளிக்கும் நீர், நிறுத்திக் கழுவுவதற்கு மாற்றாகாது. அது முன்வரிசைகளைத் தாண்டிப் பெரிதாக வேலை செய்வதில்லை. இஞ்சின் ஆறும் வரை காத்திருங்கள். கனிமம் நீக்கிய நீரை மட்டும் பயன்படுத்துங்கள். குழாய்த் தண்ணீரை ஊற்றினால் உப்பை நீங்களே ஊட்டுகிறீர்கள். சோப்புக் கரைசலை ஊறவிட்டு அலசுங்கள். கண்ணுக்குத் தெளிவாக இருக்கிறது என்று நிறுத்தாமல், வடிந்துவரும் நீரின் மின்கடத்துத்திறனை அளந்து (உப்பு இருந்தால் அது ஏறி நிற்கும்), அது இறங்கிய பிறகே நிறுத்துங்கள். வடிகால்களைத் திறந்து, ஓட்டி உலர்த்துங்கள். நாள்கணக்கில் நிறுத்திவைக்கும்போது காற்று நுழைவாயிலை மூடுங்கள்.

கழுவுவதற்காக, இஞ்சினைச் சுற்றி மூடியிருக்கும் உறைக்குள் இறங்கும் பையன்களே, கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பு அமைப்பு திறந்துகொள்ளாதபடி அதைப் பூட்டாமல் கதவைத் தாண்டாதீர்கள். தீயை அணைக்க அந்த வாயு உறையின் காற்றில் 34 சதவீதம் நிரப்பப்படும். 17 சதவீதமே ஒரு நிமிடத்துக்குள் ஆளைச் சாய்த்துவிடும். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்துவிடலாம் என்று நினைக்காதீர்கள்.

எரிபொருள் டாங்கின் அடியில் நிற்கும் தண்ணீரை நாள்தோறும் வடியுங்கள். காற்றை எவ்வளவு சுத்தம் செய்தாலும் டீசலில் கடல்நீர் கலந்திருந்தால் சோடியம் அந்த வழியாக வந்துவிடும். இதைச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

உதிரிபாகம் வாங்கிக்கொள்ளலாம் என்ற அலட்சியத்தையும் தயவுசெய்து விடுங்கள். 2014இல் உக்ரைன் ரஷ்யாவுக்கு டர்பைன் தருவதை நிறுத்தியதும், அங்கே கட்டப்பட்டுவந்த கப்பல்கள் இஞ்சின் இல்லாமல் நின்றன. 2024 டிசம்பரில் நம் கடற்படையில் சேர்ந்த ஐ.என்.எஸ். துஷில் ரஷ்யாவில் கட்டப்பட்டது. அதன் உக்ரைன் டர்பைன்களை இந்தியாவே வாங்கிக் கொடுக்க வேண்டியிருந்தது. 2022இலிருந்து மிக்கோலாயிவ் ஏவுகணைத் தாக்குதலுக்கு நடுவே வாழும் நகரம். அங்கே செய்த ஒரு பிளேடை உப்புக்குத் தின்னக் கொடுத்துவிட்டு அடுத்ததைக் கேட்டு நிற்க எனக்கு மனம் வரவில்லை.

கடைசியாகக் கழுவியபோது அளந்த மின்கடத்துத்திறன் பதிவேட்டில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இல்லையென்றால், அடுத்த முறை இஞ்சினை நிறுத்தியதும் ஆறவிட்டுக் கழுவச் சொல்லுங்கள்.