ரேக் – மேசைவாரம்

போக்கர் சீட்டாட்ட மேசையில் ஒவ்வொரு ஆட்டத்திலும் நடுவில் சேரும் பந்தயப் பணத்திலிருந்து கேசினோ எடுத்துக்கொள்ளும் பங்குக்கு 'ரேக்' என்று பெயர். பெரும்பாலும் 10 விழுக்காட்டுக்குள் இருக்கும். இத்தனை டாலருக்கு மேல் போகாதபடி ஓர் உச்சவரம்பும் வைத்திருப்பார்கள்.

ஆங்கிலத்தில் ரேக் என்பது சருகு வாரும் பல்வைத்த கோல். சூதாட்ட மேசையில் பணத்துக்குப் பதிலாக வைக்கும் சில்லுகளைத் தோற்றவர்களிடமிருந்து வாரி இழுக்கும் நீண்ட கோலுக்கும் அதே பெயர். அதிலிருந்துதான் 19ஆம் நூற்றாண்டு அமெரிக்கப் பேச்சில் 'ரேக்-ஆஃப்', அதாவது வாரி எடுத்த பங்கு, என்ற வழக்கு வந்தது என்பார்கள்.

இந்தச் சொல்லைப் புரிந்துகொண்டால் போக்கர் அறையின் வணிகமே புரிந்துவிடும். இரண்டு பூச்சியம் உள்ள ரூலெட் சக்கரத்தில் ஆடுபவரின் எதிராளி கேசினோ. பந்தயம் கட்டும் ஒவ்வொரு 100 டாலரிலும் சராசரியாக 5.26 டாலர் அதற்குப் போகும். போக்கரில் கேசினோ ஆடுவதே இல்லை. ஆடுபவர்கள் ஒருவர் பணத்தை ஒருவர் வெல்கிறார்கள். கேசினோ மேசையும் சீட்டும் பங்கிடும் ஆளும் தருகிறது, அவ்வளவுதான்.

பணம் திரளத் திரள, சீட்டுப் பங்கிடுபவர் ஒன்றிரண்டு சில்லுகளை மேசையோரத் துளையருகே நகர்த்தி வைப்பார். ஆட்டம் முடிந்ததும் அவை அடியில் பூட்டியிருக்கும் பெட்டிக்குள் விழும். எல்லாருக்கும் பொதுவாக மேசை நடுவில் வைக்கும் முதல் மூன்று சீட்டும் திறக்கும் முன்பே ஆட்டம் முடிந்தால் பல இடங்களில் ரேக் கிடையாது.

மணிக்கு 30 ஆட்டம், ஆட்டத்துக்குச் சராசரி 4 டாலர் என்று வைத்துக்கொண்டாலும் ஒரு மேசைக்கு 120 டாலர்தான். அதிலும் ஆள் கூலி போகும். அதே இடத்தில் நிற்கும் ஸ்லாட் இயந்திரங்களுக்குப் பங்கிடும் ஆளே வேண்டாம். பிறகு ஏன் போக்கர் அறை வைத்திருக்கிறார்கள்? போக்கர் ஆட வருபவர் மணிக்கணக்கில் உட்காருவார், அங்கேயே சாப்பிடுவார், அறை எடுப்பார். கூட வந்தவர்கள் மற்ற ஆட்டங்களுக்குப் போவார்கள். 2003இல் கிறிஸ் மணிமேக்கர் என்ற கணக்காளர் உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியில் 25 லட்சம் டாலர் வென்றார். அந்த ஆண்டு 839 பேர் ஆடிய போட்டிக்கு 2006இல் 8,773 பேர் வந்தார்கள். அந்த அலையில் புதிது புதிதாகப் போக்கர் அறைகள் திறந்தன. கூட்டம் வற்றியபோது முதலில் மூடப்பட்டவற்றிலும் அவை இருந்தன. என் பார்வையில் போக்கர் அறை ஆள் சேர்க்கும் இடம். அதன் கணக்கை ரேக்கை மட்டும் வைத்துப் பார்ப்பது தவறு.

தமிழில் என்ன சொல்லலாம்? 'கமிஷன்' புழக்கத்தில் இருந்தாலும் பொத்தாம்பொதுவான சொல். 'தரகு' பொருந்தாது, அது வாங்குபவரையும் விற்பவரையும் சேர்த்துவைப்பதற்கான கூலி. நம்மிடம் 'வாரம்' இருக்கிறது. விளைச்சலில் நிலத்துக்காரருக்குப் போவது மேல்வாரம், உழுதவருக்கு நிற்பது குடிவாரம். உழைப்பில் சேராமல் இடம் கொடுத்ததற்காக எடுக்கும் பங்கு என்பதால் பொருள் கச்சிதமாக உட்காருகிறது. ஆடுகளத்தை வைத்துக் 'களவாரம்' எனலாம், ஆனால் காதில் 'களவு' விழுகிறது. 'மேசைவாரம்' என்பதே என் தேர்வு.

சூதாடும் இடத்துக்கு வள்ளுவர் ஆண்ட சொல் 'கழகம்'. "கழகத்துக் காலை புகின்" என்பது 937ஆம் குறள். இன்று அச்சொல் வேறு பொருளில் வேரூன்றிவிட்டதால், கேசினோவுக்குச் 'சூதாட்ட விடுதி'யே போதும்.

பெரும்பணம் புரளும் மேசைகளில் பங்கு எடுக்காமல், அரை மணிக்கு ஒருமுறை ஆளுக்கு இவ்வளவு என்று வசூலிப்பதுண்டு. அதை மேசைவாரம் என்று எழுதக்கூடாது; அது இருக்கைக் கட்டணம்.