"சேவைதானே சேர், கணக்கு எதற்கு?"

போன வாரமும் ஒரு குழு வந்தது. கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படித்து முடித்த மூன்று பேர். மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கம் படுவான்கரையில் பனையோலைப் பெட்டி இழைக்கும் பெண்களைச் சேர்த்து ஒரு சமூகத் தொழில்முயற்சி, அதாவது ஊருக்கு உதவ நடத்தும் வியாபாரம், தொடங்கியிருக்கிறார்கள். நல்ல பிள்ளைகள். லோகோ அழகு, பேஸ்புக்கில் போட்ட படங்கள் அதைவிட அழகு. ஆனால் கையில் காசில்லை. கொழும்புக் கடையிலிருந்து வரவேண்டியது வரவில்லை, இழைத்த அக்காமாருக்குக் கூலி பாக்கி. கணக்குக் கொப்பியைக் கேட்டேன். "சேவைதானே சேர், கணக்கு எதற்கு என்று விட்டுட்டம்" என்றார்கள்.

மட்டக்களப்பில் சிறு நிறுவனங்களுக்குக் கணக்குப் பார்ப்பவன் நான். இந்த வசனத்தைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

சமூகத்துக்காகச் செய்தால் இலாபம் எடுக்கக் கூடாது என்று இங்கே யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. கேட்டால் உடனே, வங்காளதேசத்தில் ஏழைகளுக்குச் சிறு கடன் கொடுக்கும் வங்கி தொடங்கிய முகமது யூனுஸ் பெயரைச் சொல்வார்கள். சரி, யூனுஸையே எடுப்போம். 2006இல் அவரோடு சேர்ந்து நோபல் பரிசு வாங்கிய கிராமின் வங்கி, கடனுக்கு வட்டி வாங்கும் வங்கி. இலவசமாகக் காசு கொடுக்கும் இடம் இல்லை. பிறகு அவர் சொன்ன சமூக வணிகத்தில் முதல் போட்டவர் போட்ட முதலைத் திருப்பி எடுக்கலாம், அதற்கு மேல் பங்கிலாபம் எடுக்க மாட்டார். முதல் போட்டவருக்கு அவ்வளவுதான் கட்டுப்பாடு. வியாபாரம் தன் செலவைத் தானே உழைத்துக்கொள்ள வேண்டும், வேலை செய்பவருக்குச் சந்தை நிலவரப்படி சம்பளம் கொடுக்க வேண்டும், மிஞ்சும் இலாபம் வியாபாரத்துக்குள்ளேயே திரும்பப் போக வேண்டும். இலாபமே இல்லையென்றால் திரும்பப் போக என்ன இருக்கிறது? கோயம்புத்தூர் முருகானந்தத்தையும் உதாரணம் காட்டுவார்கள். அவரும் குறைந்த செலவில் சானிட்டரி நாப்கின் செய்யும் இயந்திரத்தைப் பெண்கள் குழுக்களுக்கு விற்றார். தானம் பண்ணிக்கொண்டு திரியவில்லை.

எங்கள் கரையில் இந்த நினைப்பு வேரூன்றியதற்குக் காரணம் இருக்கிறது. 2004 சுனாமிக்குப் பிறகு ஒரு தலைமுறையே புரொஜெக்ட் பார்த்துத்தான் வளர்ந்தது. வெளிநாட்டுக் காசு வரும், பயிற்சி நடக்கும், மதியச் சாப்பாட்டுப் பார்சல் வரும், தையல் இயந்திரம் கொடுத்துப் படம் எடுப்பார்கள். புரொஜெக்ட் முடிந்ததும் அந்த இயந்திரம் மாதர் சங்கக் கட்டடத்தில் பொலித்தீன் மூடிக்கொண்டு கிடக்கும். மானியத்தை வருமானம் என்று எழுதிப் பழகிய கை, விற்ற காசை எப்படி எழுதுவதென்று தெரியாமல் நிற்கிறது. (கணக்குப் பார்ப்பவனாக ஒன்று சொல்கிறேன்: மானியத்தை ஒரு பக்கமும் விற்பனையை இன்னொரு பக்கமும் எழுதிப் பாருங்கள். விற்பனைப் பக்கம் மட்டும் உங்களைத் தாங்குமா என்பது அன்றைக்கே தெரிந்துவிடும்.)

இனிப் பெட்டிக்கு வருவோம். மூடி போட்ட ஒரு பெட்டியை அவர்கள் 600 ரூபாய்க்குக் கொடுத்திருக்கிறார்கள். குருத்தோலைக்கும் சாயத்துக்கும் 150 போய்விட்டது, மிச்சம் 450 இலாபமாம். அந்தப் பெட்டியை இழைக்க ஓர் அக்காவுக்கு அரை நாள் போகிறது. நாட்கூலியை 1,500 என்றே வைத்தாலும் அரை நாளுக்கு 750. பஸ், பார்சல் செலவுக்கு 50. ஆக, பெட்டி முடியும்போதே 950 ஆகிவிட்டது. 600க்கு விற்றால் மீதி 350ஐ யார் போடுகிறார்கள்? இழைத்தவர்தான் போடுகிறார். அவருடைய உழைப்பை அரைவிலைக்கு வாங்கிவிட்டு, அவருக்குச் சேவை செய்வதாகச் சொல்கிறோம்.

அப்போ விலையை 1,500 ஆக்கலாம் என்றார்கள். ஆக்கலாம். கடை 30 வீதம் எடுத்தால் 450 போய்விடும், கையில் வருவது 1,050. செலவு 950 போக நூறு ரூபாய். மாதம் நூறு பெட்டி விற்றால் பத்தாயிரம் ரூபாய், அதில் மூன்று பட்டதாரிகளுக்குச் சம்பளம். மட்டக்களப்பு காந்திப் பூங்காவில் குந்தியிருந்து அரச நியமனம் கேட்கும் பட்டதாரிகளை அதற்குப் பிறகு யார் குறை சொல்வது?

வழி இல்லையா என்றால் இருக்கிறது. புத்தாக்கம் என்றதும் எல்லோரும் போனில் ஓடும் செயலி செய்யப் போகிறார்கள். இவர்களுடைய பெட்டிகளைக் கடை திருப்பி அனுப்பியதற்குக் காரணமோ மூடி பொருந்தாததுதான். ஒருவர் இறுக்கி இழைக்கிறார், இன்னொருவர் தளர்த்தி இழைக்கிறார், அடி ஒரு அளவு, மூடி ஒரு அளவு. மரத்தில் ஒரு அச்சுச் செய்து எல்லோர் கையிலும் கொடுத்தால் மூடி பொருந்தும், கழிவு குறையும், கை பழகியதும் நேரமும் குறையும். தச்சரிடம் ஒரு நாள் வேலை. இதுவும் புத்தாக்கம்தான். ஆனால் போட்டிக்குக் கொண்டுபோனால் பரிசு கிடைக்காது, அதனால் ஒருவரும் செய்வதில்லை.

கெஞ்சிக் கேட்கிறேன், ஒரு காரியம் மட்டும் வேண்டாம். கடைக்காரர் விற்ற பிறகுதான் காசு தருவார், அதற்கு இரண்டு மூன்று மாதம் ஆகும். அந்த இடைவெளியை நிரப்ப, குழுவில் இருக்கும் அக்காமாரின் பெயரில் நுண்கடன் (கிழமைத் தவணையில் கட்டும் சின்னக் கடன்) எடுக்கிறார்கள். எங்கள் மாவட்டத்தில் அந்தக் கடனைக் கட்ட முடியாமல் பெண்கள் பட்ட பாட்டை நான் சொல்லத் தேவையில்லை. பெண்களின் நுண்கடனில் ஒரு பகுதியை 2018இல் அரசாங்கமே தள்ளுபடி செய்ய வேண்டி வந்தது. கிழமைக்குக் கிழமை கடன் கொடுத்தவர் வந்து நிற்பது அந்த அக்காவின் வாசலில், தம்பி, உங்கள் வாசலில் இல்லை. கைமுதல் இல்லையா, சின்னதாகச் செய்யுங்கள். ஓடரில் பாதியை முற்பணமாகக் கேளுங்கள். தராத கடையை விட்டுவிடுங்கள்.

பதிவு விசயத்தைச் சுருக்கமாகவே சொல்கிறேன். சின்ன அளவில் தொடங்குவதென்றால் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர்ப் பதிவு போதும். இழைப்பவர்களே உரிமையாளர்களாக இருக்க வேண்டுமென்றால் கூட்டுறவுச் சங்கத்தை யோசியுங்கள். பங்கிலாபம் பிரிக்கும் எண்ணமே இல்லையென்றால் 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிச் சட்டத்தில் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனி (பங்குகளே இல்லாத வகை) இருக்கிறது. எதுவானாலும் தனி வங்கிக் கணக்கு வேண்டும். செயலாளரின் சொந்தக் கணக்கில் போடாதீர்கள், அவர் உங்கள் மச்சானாக இருந்தாலும் போடாதீர்கள். ஆளை மாதச் சம்பளத்துக்கு எடுத்தால் ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) உண்டு: சம்பளத்தில் நீங்கள் 12 வீதம், அவர் 8 வீதம். ஈடிஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதம் முழுக்க உங்கள் பொறுப்பு. "சேவை நிறுவனம்தானே" என்றால் தொழில் திணைக்களம் விடாது.

இதைத் தொழிலாகவே எடுக்கப் போகிறேன் என்று வரும் தங்கச்சிமாருக்கும் தம்பிமாருக்கும் ஒரு யோசனை. முதலில் ஒன்றிரண்டு வருடம் எங்கேயாவது விற்பனையில் நில்லுங்கள். காத்தான்குடியில் ஒரு துணிக்கடை என்றாலும் சரி, மருதமுனையில் ஒரு கைத்தறிக்காரரிடம் என்றாலும் சரி. சரக்கு ஏன் தேங்குகிறது, கடன் ஏன் திரும்பவில்லை, வாடிக்கையாளர் எந்த இடத்தில் முகம் சுளிக்கிறார் என்பதெல்லாம் எந்தப் பயிற்சிப் பட்டறையிலும் வராது. அப்புறம் தொடங்கும்போது உங்கள் சம்பளத்தையும் செலவில் எழுதுங்கள். முதல் ஆறு மாதம் எடுக்க முடியாவிட்டாலும் எழுதுங்கள். சம்பளம் இல்லாமல் ஓடும் நிர்வாகி வீட்டில் கலியாணப் பேச்சு எழுந்ததும் வேலை தேடிக் கட்டார் போய்விடுவார். ஊரில் இழைத்த பெட்டி அடுக்கோடு கிடக்கும்.

என்னிடம் வருவதாக இருந்தால் லோகோ வேண்டாம், பவர்பொயின்ட் வேண்டாம். ஒரு சீ.ஆர். கொப்பி கொண்டு வாருங்கள்: யார் இழைத்தார், எத்தனை மணித்தியாலம், என்ன கொடுத்தீர்கள், எவ்வளவுக்குப் போனது. அதையும் வரி விபரத் திரட்டுக்குக் கடைசி நாளான நவம்பர் 30க்கு முதல்நாள் பின்னேரம், ஷொப்பிங் பையில் பில்லைக் கட்டிக்கொண்டு வந்தால் நான் கதவைத் திறக்க மாட்டேன்.