ஊர்ப் பெயர்ப் பலகை ஒரு கிலோமீட்டர் முன்னாலேயே வேண்டும்

நான்குவழிச் சாலையிலிருந்து ஒரு சிற்றூருக்குப் பிரியும் இடத்தை ஆய்வு செய்யப் போனால், பலகையைப் பார்ப்பதற்கு முன் தரையைப் பார்ப்பது என் வழக்கம். சாலை இரண்டாகப் பிரிகிற முக்கோணத்தில் வெள்ளைச் சாய்கோடுகள் போட்டிருப்பார்கள். அந்தக் கோடுகளின் மேல் டயர் தேய்ந்த கறுப்புத் தடம் வலமிருந்து இடமாக வளைந்து போயிருந்தால், யாரோ கடைசி நொடியில் வண்டியை ஒடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். முனையில் நட்ட மஞ்சள் கறுப்புக் கம்பம் சாய்ந்து கிடக்கும். சுற்றிலும் ஹெட்லைட் கண்ணாடித் தூளும் பம்பரின் ஒரு துண்டும் கிடக்கும். இவ்வளவும் இருந்தால், அந்த ஊருக்கு முன்னறிவிப்புப் பலகை ஒன்று இருக்காது, இருந்தாலும் பிரிவை ஒட்டியே நிற்கும். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கிறது.

சாலைப் பாதுகாப்புத் தணிக்கை என் தொழில். விபத்துக்குப் பின் எழுதப்படும் எஃப்ஐஆரில் ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்’ என்ற வரி தவறாமல் இருக்கும். ‘திரும்ப வேண்டிய இடம் எங்கே என்று ஓட்டுநருக்கு யாரும் சொல்லவில்லை’ என்று எழுத அந்தப் படிவத்தில் இடமில்லை. அதனால்தான் இதை இங்கே எழுதுகிறேன்.

முன்பெல்லாம் நெடுஞ்சாலை ஊருக்குள்ளேயே போனது. கடைவீதி, பேருந்து நிலையம், மணிக்கூண்டு என்று பார்த்ததுமே எந்த ஊர் என்று தெரிந்துவிடும். 2000க்குப் பிறகு சாலைகள் நான்குவழியானபோது ஊர்களுக்கு வெளியே பைபாஸ் வந்தது. நல்லதுதான், ஊருக்குள் லாரி மோதிச் சாவது குறைந்தது. ஆனால் இப்போது ஊரின் அடையாளம் எதுவும் சாலையில் போகிறவர் கண்ணில் படுவதில்லை. இருபக்கமும் ஒரே மாதிரி மண்கரை, நடுவில் அரளிச் செடி, முன்னால் ஒரு மேம்பாலம். விழுப்புரத்திலிருந்து திருச்சி வரை இப்படித்தான். ஊர் இருக்கிறது என்பதற்கு ஒரே சாட்சி அந்தப் பச்சைப் பலகை.

வேகக் கணக்கைப் பார்ப்போம். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் போகும் கார் நொடிக்கு ஏறக்குறைய 28 மீட்டர் ஓடும். பலகையைப் பார்த்து, படித்து, ‘நாம் போக வேண்டிய ஊர் இது’ என்று முடிவெடுக்கவே இரண்டு மூன்று நொடி போய்விடும். அதற்குள் 70 மீட்டர் கடந்தாகிவிட்டது. அப்புறம் வலது தடத்திலிருந்து கண்ணாடியைப் பார்த்து இடது தடத்துக்கு வர 100 மீட்டருக்கு மேல் வேண்டும். பின்னால் வருகிறவன் திடுக்கிடாதபடி வேகத்தை நாற்பதுக்குக் குறைக்க இன்னொரு 130 மீட்டர். ஆக மொத்தம், பலகையைக் கண்டதிலிருந்து திரும்பும் இடம் வரை குறைந்தது 300 மீட்டர் கையில் இருக்க வேண்டும். இது பகலில், காலிச் சாலையில், ஒழுங்காகத் தூங்கி எழுந்த ஓட்டுநருக்கு. பாரம் ஏற்றிய லாரிக்கு இது போதவே போதாது. அதனால்தான் முதல் பலகை ஒரு கிலோமீட்டர் முன்னாலேயே வேண்டும் என்கிறேன். பிரிவுக்கு 50 மீட்டர் முன்னால் நட்ட பலகை, ஊரைத் தவறவிட்ட செய்தியைத்தான் ஓட்டுநருக்குச் சொல்கிறது.

ஜெர்மனியின் ஆட்டோபான் என்ற அதிவேக நெடுஞ்சாலைகளில் ஒவ்வொரு பிரிவுக்கும் 1,000 மீட்டரில் ஒரு பலகை, 500 மீட்டரில் ஒரு பலகை, அப்புறம் 300, 200, 100 மீட்டர்களில் மூன்று, இரண்டு, ஒன்று எனக் கோடு போட்ட சிறு கம்பங்கள் நிற்கும். பெருநகரம் என்றாலும் ஐந்தாயிரம் பேர் வாழும் ஊர் என்றாலும் அதே ஏற்பாடுதான். நம்மிடமும் விதி இல்லாமல் இல்லை. சாலைத் தரங்களை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைகள் காங்கிரஸின் ஐஆர்சி 67 என்ற விதித்தொகுப்பு 2012இலும் 2022இலும் திருத்தப்பட்டது. பிரிவுக்கு முன்னால் ஒரு முன்னறிவிப்பு, பிரிவிலேயே ஒரு திசைப் பலகை, திரும்பிய பிறகு ‘சரியான சாலையில்தான் போகிறீர்கள்’ என்று உறுதி சொல்லும் பலகை ஆகிய மூன்றும் அதில் உண்டு. மாவட்டத் தலைநகருக்கு மூன்றும் கிடைத்துவிடுகின்றன. பேரூருக்குப் பிரிவில் வைக்கும் திசைப் பலகை மட்டும் கிடைக்கிறது. ஊராட்சிக்கு, யாராவது கட்சிக்காரர் வைத்த வரவேற்பு வளைவு இருந்தால் உண்டு.

‘அந்த ஊர்க்காரனுக்குத் தெரியாதா எங்கே திரும்புவது என்று?’ என இதற்குப் பதில் சொல்வார்கள். ஊர்க்காரருக்குத் தெரியும். அவருக்காகப் பலகை வைக்கவில்லையே! பெரம்பலூர் பக்கம் சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயிலில் திங்கள், வெள்ளிக் கிழமைகளில்தான் நடை திறந்திருக்கும். அந்த நாட்களில் வருகிற வண்டிகளில் வெளியூர்க்காரர்கள் எத்தனை பேர்! மேல்மருவத்தூர், சமயபுரம், விராலிமலை என்று இந்தச் சாலைகளின் ஓரத்துச் சிற்றூர்கள் பலவும் வெளியூர் மக்கள் தேடி வருகிற ஊர்கள். மார்கழியில் ஆந்திராவிலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் சபரிமலைக்குப் போகும் வேன்கள், பொங்கலுக்கு முந்தின இரவு சென்னையிலிருந்து மாமியார் ஊருக்குப் போகும் மாப்பிள்ளை, கல்யாண மண்டபம் தேடும் குடும்பம், தேங்காய் ஏற்ற வரும் வெளிமாநில லாரி, இவர்கள் எல்லோரும் பலகையை மட்டுமே நம்பி வருகிறார்கள்.

மேப் போட்டு ஓட்டுகிறோமே என்றால், அதுவும் இந்த இடத்தில்தான் தடுமாறும். மேம்பாலமும் சர்வீஸ் ரோடும் பத்து மீட்டர் இடைவெளியில் ஒன்றையொட்டி ஒன்று போகும்போது, வண்டி எதில் இருக்கிறது என்பது போனுக்குச் சட்டென்று பிடிபடாது. ‘இடப்பக்கம் திரும்பவும்’ என்று அது சொல்லும்போது நீங்கள் பாலத்தின் மேல் ஏறியிருப்பீர்கள்.

பலகை இருந்தும் தெரியாமல் போவது அடுத்த சங்கதி. இடது ஓரத்தில் கம்பம் நட்டு வைக்கும் பலகையை, இடது தடத்தில் போகும் ஒரு கண்டெய்னர் லாரி முழுதாக மறைத்துவிடும். வலது தடத்தில் லாரியை முந்திக்கொண்டிருக்கும் கார்க்காரருக்கு அப்படி ஒரு பலகை இருந்ததே தெரியாது. சாலைக்கு மேலே குறுக்காகக் கட்டும் பலகைதான் இதற்குத் தீர்வு. அதற்குச் செலவு கூடுதல்தான். சிற்றூர் என்றால் இந்தச் செலவைத்தான் முதலில் வெட்டுகிறார்கள். திருச்சிக்கும் மதுரைக்கும் இடையில் ஒரு பேரூரின் பிரிவில் டீக்கடை வைத்திருக்கும் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தேன். ‘ராத்திரி ஆனா டயர் கத்துற சத்தம்தான் சார். முதல்ல வண்டி தாண்டிப் போகும், அப்புறம் அப்படியே பின்னாடி வரும். எங்க வீட்டுப் பிள்ளைங்கள ரோட்டுப் பக்கம் விடுறதே இல்ல’ என்றார். அங்கே பலகை இருந்தது. வேப்பமரக் கிளை ஒன்று ஊரின் பெயருக்கு நேராக வளர்ந்து நின்றது. கிளையை வெட்ட ஓர் ஆளும் ஓர் அரிவாளும் போதும்.

எழுத்தளவும் ஒரு பிரச்சினை. ஓர் அங்குல உயர எழுத்தை 30 அடி தூரத்திலிருந்து படிக்கலாம் என்பது அமெரிக்கச் சாலைக்குறி விதிநூலின் கணக்கு. அப்படியானால் 30 செ.மீ. உயர எழுத்து 108 மீட்டரில் கண்ணுக்குப் பிடிபடும், 100 கி.மீ. வேகத்தில் அதைப் படிக்க 4 நொடிகூடக் கிடைக்காது. அது ரோமன் பெரிய எழுத்துக்கான கணக்கு. ண, ன, ழ, று என்று சுழியும் வளைவுமாக உள்ள நம் எழுத்துக்கு இன்னும் பெரிய அளவும் தடித்த கோடும் வேண்டும். நடப்பது நேர்மாறு: கங்கைகொண்டான் மாதிரி நீளமான பெயரைப் பலகைக்குள் அடக்க எழுத்தைச் சுருக்கி, மெல்லிய எழுத்துருவில் நெருக்கி அடிப்பார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் பச்சையில் ஒரு வெள்ளைக் கோடுதான் தெரியும். பெயர் நீளமானால் பலகையை அகலமாக்க வேண்டும், எழுத்தில் கை வைக்கக் கூடாது.

இரவில் இன்னொரு சிக்கல். பலகை மேல் ஒட்டும் ஒளி திருப்பும் தாளுக்கு ஆயுள் உண்டு. வெயில் பட்டுப் பட்டு அது மங்கும். பகலில் பளிச்சென்று தெரிவதால் யாரும் கவனிப்பதில்லை. அதனால் இரவில் ஹெட்லைட்டைத் தாழ்த்திப் போட்டு ஒருமுறை ஓட்டிப் பார்க்காத தணிக்கையை நான் முடிந்ததாகவே கணக்கில் எடுப்பதில்லை. மார்கழி விடியற்காலையில் பலகை மேல் பனி படிந்தால், புதுத் தாளாக இருந்தாலும் ஒளியைத் திருப்பாமல் இருட்டாகிவிடும். அந்த நேரத்தில்தான் பக்தர்களின் வண்டிகளும் ஓடுகின்றன. பனியைத் தடுக்க முடியாது, ஆனால் மூன்று இடத்தில் பலகை இருந்தால் ஒன்றாவது கண்ணில் படும்.

பெயரிலும் குழப்பம் இருக்கிறது. ஒரு பலகையில் தூத்துக்குடி, அடுத்ததில் ஆங்கிலத்தில் வழங்கிவந்த டூட்டிகொரின். திருப்பத்தூர் என்றால் வேலூர்ப் பக்கமும் ஒன்று, சிவகங்கை மாவட்டத்திலும் ஒன்று. ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைச் சீராக்க 2020 ஜூனில் தமிழக அரசு 1,018 ஊர்களுக்கு ஆணை வெளியிட்டு, சில நாட்களிலேயே திரும்பப் பெற்றது. சாலை எண்களும் 2010இல் மாறிவிட்டன: பழைய 7 இப்போது 44, பழைய 47 இப்போது 544, சேலம் உளுந்தூர்ப்பேட்டைச் சாலை 68 ஆக இருந்து 79 ஆனது. பழைய எண்ணையே சொல்லிப் பழகியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். என் கருத்தில், முன்னறிவிப்பில் எந்த எழுத்துக்கூட்டலோ அதேதான் பிரிவிலும் இருக்க வேண்டும். கூடவே பிரிவுக்கு ஓர் எண்ணும் கொடுத்துவிட வேண்டும். 158 கி.மீ. நீளமுள்ள ஹைதராபாத் வெளிவட்டச் சாலையில் பிரிவுகளுக்கு எண் உண்டு. தமிழ் படிக்கத் தெரியாத ஓட்டுநரிடம்கூட ‘12ஆம் எண்ணில் இறங்கு’ என்றால் போதும்.

இந்த எண் உயிர் காக்கவும் உதவும். விபத்து நடந்ததும் 108க்குப் போன் செய்கிறவரிடம் முதல் கேள்வி ‘எந்த இடம்?’ என்பதுதான். கடந்து வந்த ஊரின் பெயர் தெரியாதவர் என்ன சொல்வார்? ‘திருச்சி போற ரோடு, ஒரு பாலம் இருக்கு’ என்பார். அந்தச் சாலையில் எத்தனை பாலங்கள்! ஓரத்தில் மஞ்சள் தலைக் கிலோமீட்டர் கல் நிற்கும், அதில் உள்ள எண்ணைச் சொல்லுங்கள். அது கண்ணில் படாவிட்டால் கடைசியாகப் பார்த்த பச்சைப் பலகையைச் சொல்லலாம். அதற்கும் பலகை இருந்தாக வேண்டும்.

ஓட்டுகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பிரிவைத் தாண்டிவிட்டீர்களா? போய்க்கொண்டே இருங்கள். பைபாஸின் மறுமுனையில் ஊருக்குள் வர இன்னொரு வழி பெரும்பாலும் இருக்கும், இல்லையென்றால் அடுத்த அண்டர்பாஸில் திரும்பலாம். பத்துக் கிலோமீட்டர் கூடுதலாக ஓடினாலும் செலவு ஒரு லிட்டர் பெட்ரோலுக்குள்தான். வண்டியை ஓரத்தில் நிறுத்திப் பின்னோக்கி எடுப்பதும், சர்வீஸ் ரோட்டில் எதிர்த்திசையில் வருவதும், பின்னால் நூறில் வருகிற பேருந்தின் முன்னால் நிற்பதற்குச் சமம். எதிர்த்திசையில் ஓட்டுவது 2019 திருத்தத்துக்குப் பின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவில் ஆபத்தான ஓட்டுதலாகவே கணக்கு: முதல்முறைக்கே ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ‘பத்தடிதானே’ என்று நினைக்க வேண்டாம். அந்தப் பத்தடியில் போன குடும்பங்களின் கோப்புகளைப் படித்திருக்கிறேன்.

பொறுப்பு ஓட்டுநரோடு நின்றுவிடுவதில்லை. அதே சட்டத்தின் 198ஏ பிரிவு, சாலையை வடிவமைத்தவர், கட்டியவர், பராமரிப்பவர் பாதுகாப்புத் தரங்களைக் கடைப்பிடிக்காமல் உயிரிழப்போ ஊனமோ நேர்ந்தால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது. இந்தப் பிரிவு இருப்பது ஊர் மக்களில் பலருக்குத் தெரியாது. தெரிந்து மனுவில் எழுதினால், அதைப் படிக்கும் அலுவலரின் கவனமே வேறாகிவிடும்.

உங்கள் ஊர்ப் பிரிவில் பலகை சரியில்லை என்றால் 1033க்கு அழையுங்கள், அது தேசிய நெடுஞ்சாலைகளுக்கான உதவி எண். தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் ராஜ்மார்க்யாத்ரா செயலியில் புகைப்படத்தோடு புகார் பதியலாம். கூடவே மாவட்ட ஆட்சியர் தலைமையிலான சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கு ஒரு மனு, கிராம சபையில் ஒரு தீர்மானம். ‘பலகை இல்லை’ என்று ஒரு வரி எழுதினால் அது கோப்பில் தூங்கிவிடும். கிலோமீட்டர் கல் எண், எந்தத் திசையில் போகும் தடம், பிரிவுக்கு எத்தனை மீட்டர் முன்னால் பலகை நிற்கிறது, எது மறைக்கிறது, இரவில் தெரிகிறதா என்று எழுதி, பகலில் ஒன்றும் இரவில் ஒன்றுமாகப் படம் சேர்த்து அனுப்புங்கள். ஓடும் காரின் முன் இருக்கையில் இருப்பவர் படம் எடுக்க வேண்டும், ஓட்டுகிறவர் அல்ல. நடந்து போய்ப் பலகைக்குக் கீழே நின்று எடுத்த படத்தில் எல்லாப் பலகையும் நன்றாகத்தான் தெரியும்.

புதுப் பலகை வந்ததும் வேலை முடிந்தது என்று விட்டுவிடாதீர்கள். எழுத்துக்கூட்டல் முன்னறிவிப்பிலும் பிரிவிலும் ஒன்றா, அம்புக்குறி சரியான பக்கம் காட்டுகிறதா, பிளெக்ஸ் பேனர் கட்டக் கம்பத்தை யாரும் குத்தகைக்கு எடுத்துவிட்டார்களா என்று பாருங்கள். திருவிழாக் காலத்தில் பேனர் பலகையை மறைத்தால், கட்டியவர் நம் ஊர்க்காரராகத்தான் இருப்பார். அவரிடம் பேச 1033 தேவையில்லை.