சைடு தையல் ஏன் தொப்புள் பக்கம் வருது?

எல்லார் வீட்லயும் அப்படி ஒரு டி-ஷர்ட் இருக்கும். கடையில பாக்கும்போது தங்கமா இருந்துச்சு, மூணே மூணு துவைப்புதான், இடுப்போரம் இருந்த தையல் அப்படியே சுத்திக்கிட்டு தொப்புள் பக்கம் வந்து நிக்கும். துவைச்சவங்கதான் திட்டு வாங்குவாங்க, ஆனா தப்பு நூல் மேல.

பஞ்சை முறுக்கினாதான் நூல். நல்லா முறுக்கின கயித்தோட ரெண்டு முனையையும் கிட்ட கொண்டு வந்தா தானா சுருண்டுக்கும்ல, நூலுக்கும் அதே குணம்தான். பனியன் துணி தறியில நெய்யறது இல்ல, நிட்டிங் மிஷின்ல வளையம் வளையமா கோத்து எடுக்கறது, நூல் முறுக்கு அவிழப் பாக்கறதால ஒவ்வொரு வளையமும் ஒரு பக்கமா சாயும். கம்பெனியில ஆவி காட்டி இழுத்து நேராக்கிடுவாங்க. தண்ணில நனைஞ்சதும் பஞ்சு ஊறி, இழுத்து வெச்சதெல்லாம் விட்டுப்போய், வளையம் தன் இஷ்டத்துக்குத் திரும்பிக்கும். துணி சுருங்கறதும் பெரும்பாலும் இதே கதைதான். ரிப், இன்டர்லாக்னு ரெண்டு பக்கமும் வளையம் போட்டுப் பின்னின துணில முன்பக்க வளையம் ஒரு பக்கம் சாஞ்சா பின்பக்கம் எதிர்ப்பக்கம் சாயும், அதனால அது அவ்வளவா திரும்பாது.

அடுத்தது உருண்டை உருண்டையா பஞ்சு எழும்பறது. குட்டை பஞ்சு இழையில நூத்தா நூலுக்கு வெளிய முனை நிறைய நீட்டிக்கிட்டு இருக்கும், உரச உரச அதெல்லாம் சிக்கி உருண்டையாயிடும். சுத்தமான காட்டன்ல அது கொஞ்ச நாள்ல உதிர்ந்துரும், பாலியஸ்டர் கலந்ததுல உதிராது, ஏன்னா பாலியஸ்டர் இழை அவ்வளவு கெட்டி, உருண்டையை வேர் மாதிரி புடிச்சுக்கும். ‘கோம்ப்டு’ன்னு லேபிள்ல போட்டிருந்தா குட்டை இழையை சீவி எடுத்துட்டு நூத்ததுன்னு அர்த்தம், கார்டட் நூலுக்கு அந்த சீவல் கிடையாது, விலை வித்தியாசத்துக்கு அதுவும் ஒரு காரணம். நம்ம கோயம்புத்தூர்லயே 1974ல உருவாக்கின சுவின் பஞ்சு நீள இழைக்குப் பேர் போனது, ஆனா அது இப்போ ரொம்ப கொஞ்சமாதான் விளையுது.

கையில தொட்டா சாஃப்டா இருக்குன்னு வாங்கறோம் பாருங்க, அங்கதான் ஏமாறறோம். அந்த மெதுமெதுப்பு பல சமயம் மேல ஏத்தின சிலிக்கோன் சாஃப்ட்னர், சில துவைப்புல போயிடும். பயோ வாஷ்னு ஒண்ணு இருக்கு, செல்லுலேஸ்ங்கற என்சைம் மேல நீட்டிக்கிட்டிருக்கற பிசிறைத் தின்னுடும், அது நல்ல வேலைதான், ஆனா அதிகமாப் போனா நூலையே தின்ன ஆரம்பிக்கும்.

இது என் பணம் மட்டும் வீணாப்போற விஷயமா இருந்தா இவ்வளவு பேச மாட்டேன். சாயம் ஏத்தறதுக்காக காட்டனை தண்ணில போட்டா அதுக்கு லேசா நெகட்டிவ் சார்ஜ் வரும், சாயமும் நெகட்டிவ், ரெண்டும் தள்ளிக்கும். நடுவுல சமாதானம் பண்ண உப்பு போடணும். கருப்பு, நேவி புளூ மாதிரி டார்க் கலருக்கு லிட்டருக்கு 60, 80 கிராம் போகும், கடல் தண்ணிலயே 35 கிராம்தான். அந்த உப்பு துணில ஒட்டாது, மொத்தமா வெளிய வரும். நொய்யல்ல பாசனத்துக்காகக் கட்டின ஒரத்துப்பாளையம் அணைல திருப்பூர் சாயக்கழிவு தேங்கி, அந்த ஆயக்கட்டு விவசாயிகளே கோர்ட்டுக்குப் போனாங்க, 2011 ஜனவரியில ஹைகோர்ட் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லுச்சு. இப்போ ஆர்.ஓ. போட்டு, மிச்சத்தைக் காய்ச்சி உப்பையும் தண்ணியையும் திரும்ப எடுக்கறாங்க, அதுக்கு கரண்டும் விறகும் எக்கச்சக்கம். மூணு துவைப்புல தூக்கிப்போடற டி-ஷர்ட்டுக்கும் முப்பது மாசம் போடறதுக்கும் இந்த செலவு ஒண்ணுதான்.

அதனால நான் இப்போ கடையில முதல்ல துணியை நல்லா உத்துப் பாப்பேன். வெளிப்பக்கம் செங்குத்தா போற மெல்லிசு வரி தையலுக்கு இணையா போகுதா, இல்ல இப்பவே சாஞ்சிருக்கான்னு பாப்பேன், அப்புறம் உள்பக்கம் திருப்பி ஓரமா கட்டைவிரலால இருபது தடவை தேய்ப்பேன், பிசிறு எழும்பினா வெச்சுடுவேன். அகலவாக்குல இழுத்துவிட்டா பழைய அளவுக்கு வரணும். கூட வர்றவங்களுக்கு இது மானக்கேடு, சேல்ஸ்மேன் வேற ஒரு மாதிரி பாப்பார். போன தீபாவளிக்கு மூணு கடை ஏறி இறங்கி வாங்கினது ஒண்ணே ஒண்ணு, தையல் இன்னும் இடுப்புலதான் இருக்கு.