கட்டியின் டிஎன்ஏயை வாசித்து மருந்து கொடுப்பது எப்படி?

கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ ஒருவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்ததும் தெல்லிப்பழைக்கும் மஹரகமவுக்கும் கிளினிக் அலைச்சல் தொடங்கும். அதே கிழமையில் கனடாவிலிருந்து சொந்தக்காரர் போன் எடுத்து, "ஜீன் ரெஸ்ற் செய்தாச்சோ? அதைப் பார்த்துத்தானே இப்ப மருந்து குடுக்கினம்" என்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அது எந்த நோய்க்கு உதவும் என்று தெரியாமல் காணியை ஈடு வைக்க ஓடவேண்டாம்.

பயொப்சியில் எடுத்த சதைத்துண்டை ஃபோர்மலினில் போட்டு, பரபின் மெழுகில் பதித்து, ஒரு சின்ன புளொக்காக வைத்திருப்பார்கள். அதை மிக மெல்லிதாகச் சீவி, சீவலிலிருந்து டிஎன்ஏயைப் பிரித்து இயந்திரத்தில் வாசிப்பார்கள். மனித டிஎன்ஏயின் 300 கோடி எழுத்துகளையும் பெரும்பாலும் வாசிப்பதில்லை, புற்றுநோயோடு சம்பந்தப்பட்ட சில பத்து அல்லது சில நூறு மரபணுக்களை மட்டும்தான், ஆனால் ஒரே இடத்தை நூற்றுக்கணக்கான தடவை, ஏனென்றால் அந்தத் துண்டில் நல்ல கலங்களும் கலந்திருக்கும். இரத்தத்தையும் சேர்த்து வாசித்தால் பிறப்பிலேயே வந்த விகாரம், அதாவது டிஎன்ஏ எழுத்தில் வந்த மாற்றம், எது, கட்டியில் மட்டும் புதிதாக வந்தது எது என்று பிரிக்கலாம். அந்த புளொக் எங்கே இருக்கிறது என்று விசாரித்து வையுங்கள், நுரையீரலில் திரும்பவும் ஊசி போட்டுச் சதை எடுப்பது லேசான காரியமில்லை.

நுரையீரலையே எடுப்போம். ஈஜிஎஃப்ஆர் என்ற மரபணு உண்டாக்கும் புரதம்தான் கலத்துக்கு 'வளர்' என்று கட்டளை கொடுக்கிறது. அதில் விகாரம் வந்தால் கட்டளை நிற்கவே நிற்காது. ஜெஃபிடினிப் என்ற குளிசை அந்தப் புரதத்தில் போய் ஒட்டி அதை அடக்குகிறது. சிலருக்குக் கட்டி கரைய, மற்றவர்களுக்கு ஏன் அசையவே இல்லை என்பதற்கு 2004-இல்தான் விடை கிடைத்தது: கரைந்தவர்களில் பெரும்பாலானோரின் கட்டியில் அந்த விகாரம் இருந்தது. புகைக்காதவர்களுக்கு வரும் நுரையீரல் புற்றுநோயில் இது அதிகம், ஆகவே சுருட்டே தொடாத அம்மாவுக்கு வந்திருந்தால் இந்தச் சோதனையைப் பற்றி டொக்டரிடம் கட்டாயம் கேளுங்கள். பெருங்குடலில் கதை வேறு. அங்கே கேராஸ் மரபணுவில் விகாரம் இருந்தால் ஈஜிஎஃப்ஆர் புரதத்தைத் தடுக்கும் செட்டுக்சிமாப் ஊசி பொதுவாகப் பலன் தராது, அந்தச் செலவும் உபத்திரவமும் மிச்சம்.

சரி, ஜெஃபிடினிப்போடு முடிந்ததா? இல்லை. பலருக்கு ஒரு வருடமளவில் கட்டி திரும்ப வளரும். ஒரே களைநாசினியைப் போகத்துக்குப் போகம் அடித்தால் அதற்குச் சாகாத புல் மட்டும் மிஞ்சி வயலை மூடுவது நம் கமக்காரருக்குத் தெரியும், கட்டிக்குள்ளும் அதுதான் நடக்கிறது. ஏறக்குறைய பாதிப்பேரில் டி790எம் என்ற இன்னொரு விகாரம் தலைதூக்கியிருக்கும், அதற்கு ஒசிமெர்டினிப் இருக்கிறது. இரத்தத்தில் மிதக்கும் கட்டியின் டிஎன்ஏயைக் கொண்டே சிலவேளை இதைக் கண்டுபிடித்துவிடலாம்.

ஆனால் வெத்திலை, பாக்கு, புகையிலையால் வரும் வாய்ப் புற்றுநோயில் அடிக்கடி பழுதாகியிருப்பது, கலம் கண்டபடி பெருகாமல் தடுக்கும் டிபி53 மரபணு. அதைத் திருத்தப் பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்ட மருந்து இன்னும் கையில் இல்லை, காலத்தோடு செய்யும் சத்திரசிகிச்சைதான் அங்கே உயிர் காக்கிறது. வாயில் வெள்ளையாகவோ சிவப்பாகவோ படையோ, ஆறாத புண்ணோ இரண்டு மூன்று கிழமையாக இருந்தால் ஜீன் ரெஸ்ற்றைப் பற்றி யோசிக்க முதல் பல் டொக்டரிடம் போய் வாயைக் காட்டுங்கள்.