எஸ்சுவரி: கழிமுகமா, முகத்துவாரமா?

ஆறு கடலில் சேரும் இடத்தில் உப்புநீரும் நன்னீரும் கலந்து கிடக்கும் நீர்ப்பரப்பைத்தான் ஆங்கிலத்தில் எஸ்சுவரி (estuary) என்கிறார்கள். சொல்லின் வேர் லத்தீனில் 'ஈஸ்டஸ்'. வெப்பம், கொதிப்பு, பொங்கியெழும் நீர் என்று பொருள் விரிந்து, கடல்நீர் ஏறி இறங்கும் ஓதத்துக்கும் அதுவே பெயரானது. ஓதம் ஏறி இறங்கும் இடம் 'ஈஸ்டுவாரியம்'. ஆக, ஓதம் இல்லாமல் இந்தச் சொல்லே இல்லை.

ஓதம் என்றால் இன்று பலருக்கும் சுவரில் ஊறும் ஈரம்தான். பழந்தமிழில் அது அலை, கடல், பெருகும் நீர். ஏறுவதையும் இறங்குவதையும் சேர்த்து 'ஏற்றவற்றம்' என்றும் ஒரு சொல் உண்டு. எனக்கு மிகவும் பிடித்த சொல் அது. கழிமுகத்தில் மண் சேர்வதற்கு ஒரு முக்கியக் காரணம் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம்தான்.

கொல்கத்தா வழியாகக் கடலுக்குப் போகும் ஹூக்ளியைப் பாருங்கள். கடல் பக்கம் அகன்று, உள்ளே போகப் போகக் குறுகும் ஆறு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல்வாயில் நீர் சுமார் 5 மீட்டர் ஏறும். ஏறும் நீர் நெருக்குண்டு, குறைந்த நேரத்தில் வேகமாகப் பாய்கிறது. வற்றும்போது அதே நீர் நிதானமாக, நெடுநேரம் வடிகிறது. வேகம் கூடுவதைவிட நீர் தூக்கிச் செல்லும் மண் மிக அதிகமாகக் கூடிவிடும். அதனால் ஏற்றம் கொண்டுவந்ததையெல்லாம் வற்றத்தால் திருப்பி எடுத்துப்போக முடிவதில்லை. இரண்டுக்கும் நடுவே நீர் ஓட்டமின்றி நிற்கும் சிறிது நேரத்தில் வண்டல் அடியில் படிகிறது. உப்புநீர் பட்டால் களிமண் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கனத்துவிடும். இன்னும் சீக்கிரம் இறங்கும்.

இதைக் கடலுக்குத் திருப்பித் தள்ள மேலிருந்து ஆற்றுநீர் வர வேண்டும். அது போதாமல் கொல்கத்தா துறைமுகம் தூர்ந்துகொண்டே வந்தது. அதற்காகத்தான் 1975 முதல் ஃபராக்கா தடுப்பணையிலிருந்து விநாடிக்கு 40,000 கன அடி வரை கங்கை நீரைத் திருப்பிவிடும் திட்டம் வந்தது. அப்புறமும் தூர்வாரும் வேலை ஓயவில்லை.

சரி, தமிழில் எதைச் சொல்வது? முகத்துவாரம் ஆற்றின் வாயை மட்டும் குறிக்கும். அடையாற்றுக்கு அது பொருத்தம்: அங்கே ஓதம் ஒரு மீட்டர் அளவுதான், வாயை அடைப்பது அலை கரையோரமாகத் தள்ளிவரும் மணல். ஆறு கடலில் புகும் இடத்தைக் குறிக்கும் புகார் அருமையான சொல். காவிரிப்பூம்பட்டினத்துக்கே அது பெயர். ஆனால் இன்று முறையீடு என்ற பொருள்தான் முந்திக்கொள்ளும். அதே பொருள் தரும் கயவாய் அகராதியோடு நின்றுவிட்டது. கழிமுகத்தில் இருக்கும் 'கழி', உப்பங்கழியில் உள்ள அதே கழி. கடல்நீர் உள்ளே ஏறி நிற்பதை அந்தச் சொல்லே சொல்லிவிடுகிறது. எஸ்சுவரிக்கு அதுதான் சரி.

ஒரே ஒரு வேண்டுகோள். டெல்டாவையும் கழிமுகம் என்று எழுத வேண்டாம். அது ஆற்று மண் படிந்து உண்டான நிலம், இது நீர். நிலத்துக்கு வடிநிலம் என்ற சொல் இருக்கிறது. ஓதம் உள்ளே கொண்டுவந்து போடும் மண்ணை 'ஓத வண்டல்' என்றால், ஆற்று வண்டலோடு குழப்பிக்கொள்ளவும் மாட்டோம்.