மாடலைச் சுருக்கும்போது முதலில் தொலைவது எது?

"மொழி மாடலை 4 பிட்டுக்குச் சுருக்கிவிட்டோம், சோதனை மதிப்பெண் லேசாகத்தான் குறைந்தது" என்று யாராவது சொன்னால் நான் திருப்பிக் கேட்பது இதுதான்: எந்தக் கேள்விகளில் குறைந்தது?

சுருக்குவதில் தப்பில்லை. 700 கோடி வெயிட் (மாடல் கற்றதைத் தாங்கும் எண்கள்) உள்ள மொழி மாடலை, எண்ணுக்கு 16 பிட் என்று வைத்தால் வெயிட்டுகளுக்கு மட்டுமே 14 ஜிபி வேண்டும். 4 பிட்டில் சுமார் மூன்றரை ஜிபி போதும், லேப்டாப்பிலேயே ஓடும். ஆனால் 4 பிட் என்றால் ஒவ்வொரு வெயிட்டுக்கும் 16 மதிப்புகளில் ஒன்றுதான் கிடைக்கும்.

வெயிட்டுகளை 32, 128 என்று குழுக்களாகப் பிரித்து, குழுவுக்கு ஒரு அளவுகோல் வைப்பார்கள். ஒரு குழுவில் எல்லாம் 0.05க்குள் இருக்க, ஒன்று மட்டும் 2 என்று வைத்துக்கொள்ளுங்கள். -2 முதல் 2 வரை 16 படிகள். படிக்குப் படி கிட்டத்தட்ட 0.27 இடைவெளி. அப்புறம் என்ன, மற்றதெல்லாம் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் ஒன்றாக நசுங்கிவிடும். ஜிபிடிக்யூ, ஏடபிள்யூக்யூ போன்ற முறைகள் இந்தச் சேதத்தைக் குறைக்கத்தான் வந்தன. மாதிரி வாக்கியங்களை ஓட்டிப் பார்த்து, எங்கே பிழை வந்தால் அதிகம் பாதிக்கும் என்று அவை கணிக்கும். அந்த வாக்கியங்கள் முழுக்க ஆங்கிலமாக இருந்தால் தமிழுக்கு உழைக்கும் வெயிட்டுகளைக் கவனிக்க ஆளில்லை.

சுருக்க டிஸ்டிலேஷன் வேறு வழி. அடுத்த சொல்லுக்கோ விடுபட்ட சொல்லுக்கோ பெரிய மாடல் தரும் நிகழ்தகவுகளைப் பார்த்துச் சின்ன மாடல் கற்கிறது. 2019இல் வந்த டிஸ்டில்பெர்ட், பெர்ட் என்ற மொழி மாடலைவிட 40% சிறியது. அதன் திறனில் 97% தக்கவைத்தது. அந்த 97, ஆங்கிலத் தேர்வுகளின் சராசரி என்பதை மறக்க வேண்டாம். பெரியது உளறுவதையும் சின்னது சேர்த்தே படித்துக்கொள்ளும். இன்னொரு வழி ப்ரூனிங், அதாவது தேவை குறைந்த வெயிட்டுகளைக் கழிப்பது. அதில் பாதி வெயிட்டைப் பூஜ்யமாக்கினாலும், பூஜ்யங்களைத் தாண்டிப் போகத் தெரிந்த சிப்பும் மென்பொருளும் இல்லாவிட்டால் வேகம் கூடாது. (இதை விற்பவர்கள் சொல்வதில்லை.)

சரி, எப்படிச் சோதிப்பது? பழைய மாடல், சுருக்கிய மாடல் இரண்டின் பதில்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். அரிய பெயர்கள், நீண்ட எண்கள், நீளமான அறிவுறுத்தலின் கடைசி நிபந்தனை, இவற்றைத்தான் நான் முதலில் பார்ப்பேன். ஓர் உதாரணம்: ரசீதைப் படித்துப் படிவத்தை நிரப்பும் வேலை. "ரசீதில் தொகை இல்லையென்றால் காலியாக விடு" என்று சொல்லியிருப்போம். மூல மாடல் காலியாக விடும். சுருக்கியது ரசீது எண்ணை எடுத்துத் தொகைக் கட்டத்தில் போட்டுவிடும், அதுவும் திருத்தமான வடிவத்தில். சராசரி மதிப்பெண்ணில் இது தெரியாது.

இப்படி ஒன்று கண்ணில் பட்டால், அந்த வேலைக்கு 8 பிட்டோடு நிறுத்தி மறுபடி சோதிக்கச் சொல்வேன். 7 ஜிபி ஆகும், ஆகட்டும்.